எருத்தேன்பதிக் கிரேன் வட்டவடைக்குப் போன விவரம்

செவ்வாய்க்கிழமை காலை, வெயில் வருவதற்கு முன் எருத்தேன்பதியிலிருந்து கிளம்பினோம். நானும் டிரைவர் மணியும். பிக்கப் வண்டியின் பின்னால் என் கிணற்றுக் கிரேன்.

கிரேன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கிணறு ஆழம் வெட்டும்போது, வெட்டிய கல்லைத் தொட்டியில் போட்டு மேலே தூக்குகிற சாமான். ஒரு டீசல் எஞ்சின், ஓர் உருளை, இரும்புக் கயிறு. பதினெட்டு வருடம் அதில்தான் பிழைத்தேன். ஆழ்துளை போடும் போர் வண்டிகள் வந்தன. கிணறு வெட்டக் கூப்பிடுவார் இல்லை. கிரேன் என் களத்தில் நின்றது. பாகற்கொடி ஏறிக் காய்த்தது.

போர் வண்டியை நான் திட்ட மாட்டேன். ஒரு நாளில் துளை போட்டுவிடுகிறது. ஆள் கீழே இறங்க வேண்டியதில்லை. என் அண்ணனுக்குக் கால் போனது கிணற்றில்தான். தொட்டியில் ஏறி வந்தார், தொட்டி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு என் தொட்டியில் ஆள் ஏறக் கூடாது என்று சட்டம் வைத்தேன்.

மணி மூணாறு மலைக்கு மேலே, வட்டவடையிலிருந்து கேரட் ஏற்றுகிறவர். ஒரு நாள் என் களத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, இது சரிவுல இழுக்குமுங்களா?"

"இழுக்கும்" என்றேன். சரிவில் நான் இழுத்துப் பார்த்ததில்லை.

அங்கே வீரணன் என்று ஒரு விவசாயி. ரோட்டுக்கு நானூறு அடி கீழே, ஓடை ஓரமாக நிலம். கேரட்டைக் கோவேறு கழுதைதான் மேலே கொண்டுவரும். கழுதைக்கு முட்டி போய்விட்டது. இந்தக் கேரட்டோடு கீழ் நிலத்தைக் கைவிடுவதா, அடுத்துப் பூண்டு போடுவதா என்று வீட்டில் பேச்சு. கிரேன் இழுத்தால் பூண்டு. இழுக்காவிட்டால் நிலம் காட்டுப் பன்றிக்கு, கிரேன் பொள்ளாச்சி பழைய இரும்புக் கடைக்கு. வண்டி வாடகை ஒன்பதாயிரம். பாதி அவர், பாதி நான்.

பொள்ளாச்சியில் இன்னொரு சுருள் இரும்புக் கயிறு வாங்கினோம். உடுமலையில் இட்லி. சின்னாறு தாண்டியதும் காடு. யானை இல்லை, சாணம் இருந்தது. மறையூரில் வெல்லம் காய்ச்சும் வாசம். அங்கே டீ பன்னிரண்டு ரூபாய். உடுமலையிலிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர். மூணாறிலிருந்து வட்டவடை இன்னும் நாற்பத்தைந்து. வழியில் காட்டு செக்போஸ்ட். இருட்டினால் விட மாட்டார்கள். நாங்கள் போனபோது நல்ல வெளிச்சம். காவலர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எந்தா?"

"கிணத்துக் கிரேனுங்க சாரே."

"மலைமேலெ கிணறோ?"

"இல்லீங்க. கேரட்டு."

சிரித்துக்கொண்டே தடுப்புக் கம்பைத் தூக்கினார்.

சாயங்காலம் வட்டவடை. படிப்படியாக நிலம். கேரட், கோஸ், பூண்டு. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டியவரை ஒரே மட்டம். இங்கே ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம் நிற்கிறது.

வீரணனுக்குக் கிரேனைப் பார்த்ததும் முகம் விழுந்தது.

"என்னண்ணே, புதுசுன்னு மணி சொன்னான். துரு ஏறிக் கெடக்கு?"

"எங்கூர்ல பழசுங்க. உங்கூருக்குப் புதுசு" என்றேன்.

"கழுதைன்னா டீசல் வேணாம். சொன்ன பேச்சுக் கேக்கும்."

அவர் மனைவி பேச்சியம்மாள் சோறு வைத்துக்கொண்டிருந்தார். "என்னைக்கு அது ஓம்பேச்சக் கேட்டுச்சு?" என்றார். என் பக்கம் திரும்பினார். "கழுதை வாங்கி ஒம்பது வருசம்ணே. அதுக்கு முந்தி இந்த வீட்டுக்கு நாந்தான் கழுதை. அன்னைக்கு இவரு, பழைய பழக்கந்தான் நல்லதுன்னாரு. இப்ப கழுதை நல்லதுங்காரு."

வீரணன் பீன்ஸ் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

புதன் காலை மூடுபனி. கை விறைத்தது. எஞ்சின் கிளம்பவில்லை. சுடுதண்ணீர் ஊற்றிச் சுற்றினோம், கிளம்பியது. ரோட்டோரம் இரண்டு கிராண்டிஸ் தைலமரத்தோடு எஞ்சினையும் உருளையையும் சேர்த்துக் கட்டினேன். பேச்சியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் கீழே ஓடையில் கேரட் கழுவி மூட்டை கட்டினார்கள். மதியத்துக்குள் மூட்டைகள் ரோட்டுக்கு வர வேண்டும். அதற்கு மேல் கேரட் வாங்கும் லாரி நிற்காது. கீழே போனுக்கு டவர் இல்லை. கிணற்றில் செய்வதுபோல, கீழே தட்டத் தகரம் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் தூக்கு.

இரண்டு தட்டு கேட்டது. இழுத்தேன். எஞ்சின் சிரமப்படவில்லை. மணி கை தட்டினார்.

மூட்டை மேலே வந்தது. சாக்கு கிழிந்திருந்தது. கழுவிய கேரட் முழுக்கச் சேறு. பாதி உடைந்துவிட்டது. கிணற்றில் சுமை தொங்கும், எதிலும் உரசாது. சரிவில் தரையோடு உரசும். இதை நான் யோசிக்கவில்லை.

லாரிக்காரர் ஒரு கேரட்டை எடுத்துப் பார்த்தார். "இத எவன் வாங்குவான்?" என்று கீழே போட்டார்.

"கழுதையப் பிடிச்சிட்டு வாறேன்" என்று வீரணன் எழுந்தார்.

பேச்சியம்மாள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். மூட்டையைப் பார்த்தார். நேராக வீட்டுப் பின்பக்கம் போனார். அங்கே உடைந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று, நீளவாக்கில் அறுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தது. கோழிக்கூடு. கோழிகளைக் காலால் தள்ளிவிட்டு அதை இழுத்து வந்தார்.

"ஏ, கோழி எங்க அடையும்?" என்றார் வீரணன்.

"ஓம் மடியில அடையும். புடி ஒரு பக்கம்."

தொட்டியின் அடி வழுவழுப்பு. மலை ஏறும் பக்கம் தானாகவே வளைந்திருந்தது. நான் இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு மாட்டினேன். பேச்சியம்மாள் மறுபடி ஓடைக்கு இறங்கினார். காலித் தொட்டி பனிக்குள் இறங்கிப் போனது. இரண்டு தட்டு. இழுத்தேன். நான்கு மூட்டை ஒன்றாக வந்தது. சாக்கில் ஈரம் மட்டும்தான் இருந்தது. லாரிக்காரர் ஏற்ற ஆரம்பித்தார். கட்டு அவிழ்க்காத கழுதை நின்று புல் தின்றது.

மதியத்துக்கு முன்பே எல்லாம் ஏறிவிட்டது. லாரி போனது. தொட்டி கீழே இருந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்று எஞ்சினை நிறுத்தப் போனேன். இரண்டு தட்டு கேட்டது.

"மூட்டை தீந்துபோச்சே?" என்றார் வீரணன்.

மறுபடி இரண்டு தட்டு. சாமான் எதையோ அனுப்புகிறார்கள் என்று இழுத்தேன். பனிக்குள்ளிருந்து தொட்டி வந்தது. உள்ளே பேச்சியம்மாள், முட்டியை மடக்கி, மடியில் மண்வெட்டியை வைத்து உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தினால் சரிவின் நடுவில் தொங்குவார். நிறுத்தாமல் மெதுவாக இழுத்தேன். கயிற்றைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"அடியே, எறங்குடி!" என்று வீரணன் கத்தினார்.

"ஏறிட்டேன்ல. இனி என்னத்த எறங்க."

சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். தலையில் சுமையோடு ஏறுகிறவர்களுக்கு முன்னால் இருக்கிற படி மட்டும்தான் தெரியும். அந்தச் சரிவை அவர் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மேலே வந்து இறங்கினார். சேலையைத் தட்டிவிட்டார்.

"பூண்டு போட்டுருவோம்" என்றார் வீரணனிடம்.

வீரணன் தலையை ஆட்டினார். "கோழிக்கு வேற கூடு பண்ணணும்" என்றார்.

"அம்மிணி, இதுல ஆள் ஏறக் கூடாதுங்க" என்றேன். அண்ணன் கால் போன கதையைச் சொன்னேன்.

முழுதும் கேட்டார். "இனி ஏற மாட்டேண்ணே. இந்த ஒருக்காத்தான்."

சாயங்காலம் வரை வீரணனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஆள் ஏறக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னேன். மணி கேரட் லோடுக்காக நின்றுவிட்டார். கிரேனை வீரணனிடம் விட்டுவிட்டு, வியாழன் காலை நான் மட்டும் ஜீப்பில் மூணாறு, அங்கிருந்து பஸ்ஸில் உடுமலை. இறங்குகிற வழி முழுக்க யோசித்தேன். புதுசு நல்லதா, பழசு நல்லதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. முன்னே யார் தலையில் சுமை இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். கிணறு போய்ப் போர் வந்ததும் அப்படித்தான். ஆள் இறங்குவது நின்றது. தண்ணீர்தான் இறங்கிக்கொண்டே போகிறது. அந்தச் சுமை யார் தலைக்கு வரும் என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் போர் வண்டி ஓடும் சத்தம்.

"ஏனுங்க, இழுத்துச்சுங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"இழுத்துச்சு."

கிரேன் நின்ற இடத்தைப் பார்த்தேன். கொத்திப் பாத்தி கட்டி வெண்டை ஊன்றியிருந்தாள். மண் காய்ந்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.