என் பாலில் எது கலக்கலாம்

லண்டனுக்கு வந்த முதல் வருடம், எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த லின்டா என்னைப் படிக்கட்டில் மறித்து, "உனக்குக் கிராஸ் வேண்டுமா?" என்று கேட்டாள். கிராஸ் என்றால் புல். ஊரில், உடுவில் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்த ஆங்கிலம் எனக்கு அதற்கு மேல் எதையும் சொல்லித் தரவில்லை. "நன்றி, எங்களிடம் மாடு இல்லை" என்று மரியாதையாகப் பதில் சொன்னேன். அவள் படியில் குந்தியிருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போய், யன்னலோரம் தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டினாள். விரல் விரித்த அந்த இலையை எனக்குத் தெரியும். கஞ்சா.

அப்போது என் வயிற்றில் மூன்று மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி. கழிப்பறைக்குள்ளிருந்து வரும் என் ஓங்காளச் சத்தம் லின்டாவுக்குக் கேட்டிருக்கிறது. பாவம், உதவத்தான் வந்தாள். அதைப் போட்டுச் செய்த கேக்கில் ஒரு துண்டு தின்றால் சத்தி நின்றுவிடும் என்றாள். நான் தலையாட்டி மறுத்தேன். "இது வெறும் மூலிகைதானே? உங்கள் பக்கத்துச் சாமான். உன் அம்மாமாரெல்லாம் சாப்பிட்டிருப்பார்கள்" என்றாள். சத்தியைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன என் கணவரும் அன்று பின்னேரம், "கொஞ்சம் திண்டு பாரன். இஞ்சை எல்லாரும் எடுக்கினம்" என்றார். "நீங்கள் வேணுமெண்டால் தின்னுங்கோ. உங்கடை வயித்திலை பிள்ளை இல்லை" என்றேன்.

எங்கள் பக்கத்துச் சாமான் என்பது உண்மைதான். அதனால்தான் எனக்கு அதைத் தெரியும்.

அறுபதுகளில் எங்கள் ஊர் தொண்டைமானாற்றில் என் அக்கா மலருக்கு முதற்பிள்ளை பிறந்தது. எங்கள் அம்மா காலமாகிவிட்டபடியால், அக்காவைப் பராமரிக்க அத்தானின் தாய் வந்து நின்றார். அத்தான் கடலுக்குப் போகிறவர். அந்த மாதம் அவர் கரையில் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த நான் மாமிக்குக் கைக்குதவி. மாமி கெட்டவரல்ல. அக்காவுக்கு வெந்நீர் வார்த்து, நல்லெண்ணெய் தடவி, தன் நித்திரையை விட்டு உழைத்தவர். ஆனால் பிரசவித்தபின் அக்காவுக்கு நித்திரையே வரவில்லை. இடுப்பு நோ வேறு. வீடு வீடாக மருந்து விற்று வந்த ஒருவரிடம் மாமி ஒரு சட்டி லேகியம் வாங்கினார். கறுத்த பச்சை நிறம், பனங்கட்டியும் நெய்யும் மணக்கும். காலையும் மாலையும் ஒரு நெல்லிக்காயளவு.

அக்கா நித்திரை கொண்டாள். பிள்ளையும் நித்திரை கொண்டான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "என்ன நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்று மெச்சினார்கள். சில நாட்களில் அக்காவுக்கு அந்த மெச்சுதல் பயமாகிவிட்டது. முலையை வாயில் வைத்தால் இரண்டு தரம் உறிஞ்சுவான், பிறகு வாய் தானாகத் திறந்து பால் கன்னத்தால் வழியும். பாதத்தைச் சுண்டினாலும் முழிக்க மாட்டான். தன் கையே வேறு யாருடையதோ போல இருக்கிறதென்று அவள் எனக்குச் சொன்னாள். அன்று மாமி லேகியத்தோடு வந்தபோது அக்கா வாயைத் திறக்கவில்லை.

"மாமி, உதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"கன சாமான் கிடக்கு, பிள்ளை. நித்திரைக்குக் கொஞ்சம் கஞ்சா இலையும். பிள்ளைப்பெத்தவளுக்கு நல்லதாம்."

"எனக்கு நல்லதெண்டால் இவனுக்கும் நல்லதோ? இவன் ஏன் பால் குடிக்கிறானில்லை?"

"அவன் சும்மா நித்திரை கொள்ளுறான். பேசாமல் வாயைத் திற."

அக்கா எழுந்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் தந்தாள். எங்கள் ஊரில் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியாத பெண் அறை வாசலைத் தாண்டுவதே பெரிய குற்றம். அவளோ தெருப் படலையையே தாண்டினாள். மாமி பின்னால் ஓடி வந்தார். "துடக்கோடை எங்கையடி போறாய்? சனம் என்ன சொல்லும்? கேக்கிற சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அக்கா திரும்பினாள். அவளுக்கு நிற்கவே பலமில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இது என்ரை சீதன வீடு, மாமி. பால் என்ரை பால். அதுக்குள்ளை என்ன போறதெண்டு நான்தான் சொல்லுவன். சனம் பிறகு கதைக்கட்டும்."

சந்தியில் ஒரு வாடகைக் கார் பிடித்து ஆசுப்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த லேடி டொக்டர் பிள்ளையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ என்ன சாப்பிட்டனீ?" என்று அக்காவைத்தான் முதலில் கேட்டார். சொன்னோம். "தாய் தின்னுறது பாலிலையும் போகும். இதுதான் காரணமெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் இனி உதைத் தொடாதை" என்றார். பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டு பால்மாவைக் கரைத்துக் கரண்டியால் பருக்கினார்கள். மெல்ல மெல்ல முழித்தான். பிறகு ஒருநாள் விடியற்காலை, ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்த மற்றப் பிள்ளைகளையெல்லாம் எழுப்பிவிட்டு, பசியோடு வீரிட்டான். அக்கா அவனை அணைக்க மறந்து, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்காவை ஊர் கதைத்தது. மாமி நெடுங்காலம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா தலை குனியவும் இல்லை.

இந்தக் கதையைத்தான் என் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த லண்டன் மிட்வைஃபிடம் சொன்னேன். சத்தி, டொக்டர் சொன்னபடி காய்ந்த பிஸ்கற்றைக் கடித்துச் சமாளித்ததில், ஐந்தாம் மாதத்தோடு அடங்கியிருந்தது. மகள் பிறந்திருந்தாள். லின்டாவின் கேக்கை மறுத்தது சரியா என்று கேட்கத்தான் கதையைச் சொன்னேன். என் ஆங்கிலமோ அவளுடைய காதோ, எங்கேயோ பிசகிவிட்டது. அவளுடைய பேச்சு திடீரென்று மெதுவாகியது. "உங்கள் ஆட்கள் இதைச் சாப்பிடுவது வழக்கம் என்று விளங்குகிறது. எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறாய்?" என்றாள். கண் அடுப்பு மேடையில் இருந்த சரக்குத்தூள் போத்தலில் நின்றது. பிள்ளைப்பெற்ற எனக்குக் கறி காய்ச்சித் தின்ன அக்கா இடித்து, தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பியது. அதைத் தூரப் போடு என்றாள். இல்லாவிட்டால் பால் கொடுக்காதே என்றாள்.

எனக்கு வந்த கோபம் அக்காவின் கோபமேதான். போத்தலைத் திறந்து அவளின் மூக்கடியில் பிடித்தேன். "இது மல்லி. இது மிளகு. சீரகம், மஞ்சள், வேர்க்கொம்புச் சுக்கு. கஞ்சா இல்லை. மேல்வீட்டுக்காரி தந்தபோதும் நான் தின்னவில்லை. என்ன கிடக்கிறதென்று தெரியாத எதையும் நான் தின்னமாட்டேன். இதிலே என்ன கிடக்கிறதென்று எனக்குத் தெரியும். இதைத் தின்பேன், பாலும் கொடுப்பேன்." அவள் மூன்று தரம் தும்மினாள். பிறகு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "மிளகுதான்" என்று ஒப்புக்கொண்டாள். மன்னிப்பென்று எதுவும் கேட்கவில்லை. நானும் அதற்காகக் காத்து நிற்கவில்லை.

கஞ்சாவால் கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்று லின்டா இப்போதும் சொல்கிறாள். நிரூபித்துப் பார்க்க என் பிள்ளையைத் தரமாட்டேன் என்று நானும் இப்போதும் சொல்கிறேன். மூலிகை என்பதும் ஊர் வழக்கம் என்பதும் எனக்குப் போதாது. ஊரிலிருந்து இதை வாசிக்கும் பெண்களுக்கும், என்னைப்போலக் குளிர்நாட்டில் தனியே பிள்ளை பெறுகிறவர்களுக்கும் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கேளுங்கள். மாமியாரையும் கேளுங்கள், மிட்வைஃபையும் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் அவர்கள் நீட்டுகிற மருந்துக்கு வாயைத் திறக்காதீர்கள்.

என் துடக்குக் கழிந்த நாளில் அக்கா அங்கே ஊரில் சன்னதிக் கோயில் முருகனுக்கு என் மகளின் பெயரில் அருச்சனை செய்வித்தாள். அதே நாளில் நான் சேலைக்கு மேல் கணவரின் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மகளைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். தாதி அவளின் பெயரை மூன்று விதமாகப் பிழையாகக் கூப்பிட்டாள். மூன்று முறையும் நான் திருத்தினேன். அங்கே ஐயர் அதைப் பிழையில்லாமல் சொல்லியிருப்பார், ஆனால் பெயருக்குரியவள் அங்கே இல்லை. அவள் இங்கே, குளிர்ந்த தராசுத் தட்டில், உடுப்பில்லாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கிடந்தாள்.