ஏரிக்கரையில் கூழ்

எங்கள் ஆட்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவதும் ஒன்றுதான், குசினியை அடுப்பு பானையோடு பெயர்த்துக்கொண்டு போய் மணலில் வைப்பதும் ஒன்றுதான். ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் மல்வேர்னிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் ஏரி வந்துவிடும். ஆனால் கோடையில் ஒரு சனிக்கிழமை அங்கே போவதற்கு இவர்கள் செய்யும் ஆயத்தத்தைப் பார்த்தால், நாடு விட்டு நாடு போகிறார்கள் என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைப்பார்கள்.

காலை ஆறு மணிக்கே ஒருவர் போய், மரமேசையில் படுக்கை விரிப்பைப் போட்டு இடம்பிடிக்க வேண்டும். மேசை தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, காற்றுக்கு அடுப்பு அணைந்துவிடுமாம். கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சாமான் இறக்க வசதியாம். பிறகு காஸ் அடுப்பு, ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடிய பானை, நண்டு, இறால், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா எல்லாம் இறங்கும். ஒடியல் கூழ் குடிக்காமல் ஏரியைப் பார்த்தால் இவர்களுக்குக் கண் அவிந்துவிடும்.

அந்தக் கூழ் சும்மா வேகாது. மாவைக் கரைத்துவிட்ட பிறகு கையெடுக்காமல் துழாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். இருபது வருடமாகத் துழாவிய கை என்னுடையது. ஆண்கள் நிழலில் கதிரை போட்டு, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வாய் ஓயாமல் கதைப்பார்கள். படம் எடுக்க மட்டும் தண்ணீர்ப் பக்கம் போவார்கள், அதுவும் சப்பாத்து நனையாமல்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். இத்தனை கோடையிலும் என் கால்விரல்கூட நனைந்ததில்லை. கூழ் முடிந்தால் பானை கழுவல், அது முடிந்தால் நுளம்பு கடிக்கத் தொடங்கும், உடனே வீட்டுக்கு வெளிக்கிடுவார்கள். வாய் திறந்து கேட்டும் பார்த்தேன்.

"லேக் எங்கையும் ஓடிப் போகாது. நீர் கூழைப் பாரும்" என்றார் கணவர்.

போன கோடையில் எனக்குப் பொறுமை கெட்டது. கூழ் கொதித்துக்கொண்டிருக்க, அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு நடந்தேன். காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். குளிர் எலும்புக்குள் ஏறியது. சந்தோஷம் தாங்காமல் தனியே சிரித்தேன். அடிப்பிடிக்கட்டும், பானையே கருகட்டும், இருந்து தின்ற வாய்களெல்லாம் இன்றைக்குப் பட்டினி கிடக்கட்டும் என்று நின்றேன்.

கனநேரமாகியும் ஒருவரும் என்னைத் தேடவில்லை. ஆச்சரியப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன். கரையிலிருந்து கணவர் கையை ஆட்டினார்.

"நீர் ஆறுதலா வாரும். மருமகள் துழாவுறா!"

மகனைக் கட்டி, வைகாசியில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கிய பிள்ளை. ஏரி எப்படி இருக்கும், எவ்வளவு பெரிது என்று ஒரு கிழமையாக என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவள். முகமெல்லாம் வியர்த்து, ஆவிக்குள் குனிந்து நின்றாள்.

ஓடிப்போய் அகப்பையைப் பிடித்தேன். "தா பிள்ளை, நீ போய்த் தண்ணியிலை நில்."

அவள் கொடுக்கவில்லை. "இல்லை மாமி, கொஞ்சம் விட்டாலும் அடிப்பிடிச்சிடும்" என்றாள், பானையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்து அடுப்பை அணைத்தேன். தண்ணீரில் இறங்க முதல் நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.