ஒரு கலியாணத்தில் இரண்டு கெட்டிமேளம்

என் அண்ணாவின் மகளுடைய கலியாணத்தில் கெட்டிமேளம் இரண்டு தரம் கொட்டப்பட்டது. முதலாவதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். ஒளித்துப் பயனில்லை, புதுக்குடியிருப்புச் சந்தையில் மரக்கறி விற்கிற மனிசி வரைக்கும் கதை தெரியும். நான் கணிதம் படிப்பிக்கிறவள். விடைத்தாளில் ஒரு கழித்தல் குறி விடுபட்டாலும் விடமாட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்க ஊருக்கு அதுவரை ஒரு சந்தர்ப்பமும் கிடைத்ததில்லை. கிடைத்த ஒன்றை அவர்கள் இன்றைக்கும் சிக்கனமில்லாமல் பயன்படுத்துகிறார்கள்.

எல்லாம் ஒரு பெட்டியில் தொடங்கியது. வகுப்புகள் ஒன்லைனுக்குப் போன காலத்தில், "உன்ரை குரல் கிணத்துக்குள்ளை இருந்து வாற மாதிரிக் கிடக்கு, பிள்ளையள் பாவம்" என்று சொல்லி, பிரான்சில் இருக்கும் அண்ணா அனுப்பிவைத்த பெட்டி. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். மைக்கை அதில் சொருகி, அதை லப்டொப்பில் சொருகினால் குரல் துலக்கமாகப் போகும். நெடுநாள் அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு மார்கழி விடுமுறையில், ஒட்டுசுட்டானில் மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், வேலையில்லாமல் அந்தப் பெட்டியோடு வந்த மிக்ஸர் மென்பொருளைத் திறந்து பார்த்தேன்.

திரை நிறைய ஏற்றி இறக்கும் கட்டைகள். அவற்றுக்கு ஃபேடர் என்று பெயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கோடு. பேசினால் பச்சை ஏறும், கத்தினால் மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. சிவப்பு வரவே கூடாது, வந்தால் சத்தம் கிழியும். நான் இருமினேன், பச்சை துள்ளியது. பாடினேன், அது ஆடியது. குசினியில் அடுப்படியில் இருந்த கணவரைக் கூப்பிட்டு மைக்குக்கு முன்னால் இருத்தி ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொன்னேன். மனிசன் முப்பத்திரண்டில் எழும்பிப் போய்விட்டார். எனக்கென்றால் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானம் சோறு கஞ்சியாகிவிட்டது.

அதன் சூட்சுமம் எனக்குக் குசினியை வைத்துத்தான் விளங்கியது. சட்டிகள் எல்லாருக்கும் பொது, ஆனால் சோறு போட்டுச் சாப்பிடுகிற கோப்பைகள் வேறு. இவருடைய கோப்பைக்குப் பருப்பு நிறைய, மாமியுடையதற்குச் சொதி நிறைய, என்னுடையதற்கு மீன் நிறைய. மிக்ஸரும் அப்படித்தான். வந்து சேரும் சத்தங்கள் சட்டிகள். என் ஹெட்போன் ஒரு கோப்பை, மண்டபத்து ஸ்பீக்கர் ஒரு கோப்பை, அழைப்பின் அந்தப் பக்கம் இருக்கிறவரின் காது ஒரு கோப்பை. திரையின் ஓரத்தில் எந்தக் கோப்பையைத் தெரிவு செய்கிறோமோ, ஃபேடர்கள் அந்தக் கோப்பைக்கு மட்டுமே பரிமாறும். இதை யார் கேட்டாலும் விளக்கத் தயாராக இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணா மட்டும் கேட்டார். அவர் வெளிநாடு போகும்போது மகள் மூன்றாம் வகுப்பு. விசா வழக்கு இன்னும் இழுபடுகிறது. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே மகளின் கலியாணத்துக்கு அவர் வருவதில்லை என்று ஆயிற்று. தாரை வார்த்துக் கொடுக்க அண்ணியின் தமையனும் மனைவியும் ஒழுங்கானார்கள். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிய அண்ணா, ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்தார்.

"பிள்ளை, அந்தக் கெட்டிமேளத்தை மட்டும் நான் சொல்லட்டோ?"

தாலி ஏறுகிற கணத்தில் யாராவது ஒரு பெரியவர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுப்பார். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் முழங்கும், சபை பூவும் மஞ்சளரிசியும் தூவும். யாரும் குரல் கொடுக்காவிட்டால் ஐயர் கையைக் காட்டுவார்.

"ஊரிலை நிண்டிருந்தா நான்தானே சத்தம் போட்டிருப்பன்" என்றார் அண்ணா.

அண்ணா என்றால் யோசிக்காமல் பேசுவது என் பழக்கம். "ஓம் அண்ணா, நீங்கள்தான் சொல்லுறீங்கள். பெட்டி இருக்குத்தானே" என்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டது அந்த நிமிடம்தான்.

முதல் பரீட்சை என் வீட்டு முற்றத்தில் நடந்தது. தவிலுக்கு எங்கே போவது? ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தை மைக்குக்கு முன்னால் வைத்து அகப்பைக் காம்பால் வெளுத்து வாங்கினேன். அண்ணா திரையில் முழித்துக்கொண்டு இருந்தார்.

"அடியன் பிள்ளை."

"அடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்!"

"நீ கதைக்கிறது கேக்குது. கை ஆடுறது தெரியுது. சத்தம் ஒண்டும் வரேல்லை."

இன்னும் ஓங்கி அடித்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. கையில் அவருடைய தகரம். "என்ன டீச்சர், பட்டப்பகலிலை யானையோ? எந்தப் பக்கம்?" எங்கள் பகுதியில் தகரம் அடிக்கிறதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்கு விளங்கப்படுத்தி அனுப்ப அரை மணித்தியாலம் போனது. போகும்போது, "கலியாணத்துக்கு முதல் இப்பிடியெண்டா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகுதான் பிடிபட்டது. நாங்கள் அழைக்கும் செயலி பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை இரைச்சல் என்று துடைத்து எறிகிறது. எங்கள் மங்கள மேளம் அதற்குக் குப்பை! எனக்கு வந்த கோபத்துக்கு அதைச் செய்தவன் முன்னால் இருந்தால் வகுப்பு வாங்கில் ஏற்றி நிறுத்தியிருப்பேன். தேடித் தேடி அந்தத் துடைப்பை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்தேன். மறுபடி தகரத்தில் ஒரு அடி. பிரான்சில் அண்ணா கதிரையில் துள்ளினார். "காது போச்செடி!" என்று அவர் சிரிக்க, நானும் சிரித்துச் சிரித்துத் தகரத்தின் மேலேயே குந்திவிட்டேன்.

கலியாணம் புதுக்குடியிருப்பில் ஒரு மண்டபத்தில். விடியவே போய் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் பிடித்து, பெட்டியையும் லப்டொப்பையும் பரப்பினேன். ஐயருக்கு முன்னால், பூச்சரத்துக்குள் மறைத்து ஒரு சின்ன மைக். மேளக்காரருக்கு ஒன்று. மண்டபத்துச் சிக்னல் படத்துக்குப் போதாது, அண்ணாவுக்குச் சத்தம் மட்டும்தான். ஸ்பீக்கர் கொண்டுவந்த சவுண்ட்காரர் என் மேசையை மேலும் கீழும் பார்த்து, "டீச்சர், கரண்ட் அடிக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அண்ணாவின் குரலை மண்டபத்துக்கு விட்டுக் காட்டினேன். "எல்லாருக்கும் வணக்கம்!" என்று நான்கு ஸ்பீக்கரிலும் அண்ணா முழங்க, கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சவுண்ட்காரர் தன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் போனார். எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

அந்தப் பெருமையில்தான் மண்டபக் கோப்பையில் அண்ணாவின் ஃபேடரை இறக்க மறந்துவிட்டேன். அந்த வணக்கத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறக்காமல் அடக்கமாக இருந்ததால் அது தெரியவும் இல்லை. தாரை வார்த்து, கூறைச் சேலையைக் கொடுத்து, அதை உடுத்திவர மருமகள் உள்ளே போனாள். மணவறையில் மாப்பிள்ளையும், தோழனாக இருந்த அவருடைய அத்தானும் மட்டும் தலைப்பாகையோடு இருந்தார்கள். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லாரும் தொட்டு வாழ்த்தக் கொண்டுபோனார்கள். எல்லார் கையிலும் பூவும் மஞ்சளரிசியும் வந்துவிட்டது. அப்போது அண்ணாவுக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. என் காதுக்குள் குசுகுசுக்கத் தொடங்கினார்; ஸ்பீக்கரில் அது சபையின் கலகலப்புக்குள் அமுங்கிப்போனது. "எங்கை மகள்? இப்ப என்ன நடக்குது? நான் ரெடியாகட்டோ?"

ஐயர் சொல்வதை என்னால் கேட்க முடியவில்லை. அண்ணாவை மியூட் செய்தேன். "அண்ணா, உங்களை மியூட் பண்ணிப்போட்டன். ஒருத்தருக்கும் கேக்காது. வேணுமெண்டா தொண்டையைச் சரிபண்ணிச் சொல்லிப் பழகுங்கோ" என்றேன்.

நான் மியூட் செய்தது என் ஹெட்போன் கோப்பையில் மட்டும்.

அதன் பிறகு நடந்ததை நான் கேட்கவில்லை, கண்டேன். சபையே நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தது. தவில்காரர் திடுக்கிட்டுத் தடியை ஓங்கினார். ஹெட்போனில் மேளம் இடியாக இறங்கியது. பின்வரிசைப் பெண்கள் எழும்பி எட்டி எட்டி அரிசி எறிய, மாப்பிள்ளையும் தோழனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடியே பூவிலும் அரிசியிலும் மூழ்கினார்கள். தாலித்தட்டு மூன்றாம் வரிசைக் கதிரைகளுக்கு நடுவே நின்றது. என் சேலையில் ஏதோ பிழை, அதுதான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நான் முந்தானையைச் சரிசெய்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். முன்வரிசையில் இருந்து தோழனின் மனைவி, "ஐயோ, என்ரை மனிசனுக்கு இப்ப ஆர் தாலி கட்டினது?" என்று கத்திக்கொண்டிருந்தார். அதற்கு மேலால், நான்கு ஸ்பீக்கரிலும், அண்ணா இன்னும் பழகிக்கொண்டிருந்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் லப்டொப்பைத்தான் திட்டினேன். திட்டிக்கொண்டே மண்டபக் கோப்பையைத் தேடி அண்ணாவின் ஃபேடரை அடிமட்டத்துக்கு இழுத்தேன். என் காதில் அவரைத் திறந்தேன். மனிசன் விம்மிக்கொண்டிருந்தார்.

"கட்டியாச்சோ பிள்ளை? மேளம் கேட்டுது. வடிவாக் கேட்டுது. கட்டியாச்சோ?"

"இல்லை அண்ணா" என்றேன். "அவள் இன்னும் சேலை மாத்துறாள்."

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "சபைக்கு முன்னாலை என்ரை பிள்ளையைச் சிரிக்க வைச்சுப்போட்டன் என்ன? போதும். இனி ஐயர் கையைக் காட்டட்டும். நான் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறன்" என்றார். ஐயரும் என் பக்கம் திரும்பி, அந்தப் பெட்டி இனி வாய் திறக்கக் கூடாது என்று சைகை காட்டினார். என் பிழைக்கு அண்ணா தலை குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல இருந்தது.

மருமகள் கூறையோடு வந்து இருந்தாள். ஐயர் மந்திரம் சொல்லி, தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை எழும்பிப் பெண்ணின் கழுத்துக்கு நேரே தாலியைப் பிடித்தார். ஐயர் கையைத் தூக்கப் போனார். அப்போது பூச்சரத்து மைக் வழியாக என் காதில் ஒரு மெல்லிய குரல் விழுந்தது. மாப்பிள்ளையின் குரல்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. மாமா சொல்லட்டும்."

சபைக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அண்ணாவின் கோப்பையிலும் அந்த மைக் இருந்தது. அவருக்கும் கேட்டது.

ஐயரின் கை பாதியில் நின்றது. தவில்காரரின் தடி அந்தரத்தில் நின்றது. நான் மண்டபக் கோப்பையைத் தெரிவு செய்தேன். ஒரு தரம் பார்த்தேன், மறுபடி பார்த்தேன், மூன்றாம் தரமும் பார்த்தேன். அண்ணாவின் ஃபேடரை மேலே தள்ளினேன். பச்சைக் கோடு அசையவில்லை.

"அண்ணா" என்றேன். "மருமகன் தாலியோடை நிக்கிறார். கை உளையப் போகுது."

ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சு வந்தது. பிறகு என் அண்ணா கத்தினார். பழகும்போது கத்தியது எல்லாம் ஒன்றுமில்லை. "கெட்டிமேளம்! கெட்டிமேளமடா! கெட்டிமேளம்!" தவில் வெடித்தது. தாலி ஏறியது. யார் கையிலும் அரிசி இல்லை, எல்லாம் முதலாவதற்கே முடிந்துவிட்டது. தோழன்தான் முதலில் சுதாரித்தார். தன் தலைப்பாகையிலும் மடியிலும் கிடந்த அரிசியையும் பூவையும் இரண்டு கையாலும் அள்ளிப் பொம்பிளை மாப்பிள்ளையின் தலையில் கொட்டினார். அதைக் கண்டு சபையே நிலத்தில் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி எறிந்தது. மருமகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தாலி கழுத்தில் ஏறியதும் அவள் ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் கும்பிட்டாள்.

திரையில் எல்லாக் கோடும் உச்சிவரை சிவப்பு. இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை. மேளத்துக்கு மேலால், என் காதில் அண்ணா சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கேக்குது பிள்ளை. எல்லாம் கேக்குது. குறைச்சுப்போடாதை."