கட்டில் போய்ச் சேர்ந்த வீடுகள்

பெட்டியக்கா என்ற பெயர் அவளுக்குத் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது. இயந்திர உதிரிகளை அனுப்பும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது அவள் வேலை. வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டே ஊர்வம்பும் பேசக்கூடியவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் வேலையை விட்டாள். "நின்னு செஞ்ச வேலை போதும். இனிமே உக்காந்து செய்வேன், உக்கார்றதுக்குன்னே செய்வேன்" என்று சொல்லி, ஸ்டூல் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் பெயின்டர். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கைபட்டவை. ஆனால் வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்ததால், சொந்த ஆசைக்கு ஒரு சுவருக்கு நிறம் பூச அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டும். தலை நரைத்த பிறகுதான், ஒரு குறுகலான தெருவின் கடைசியில் ஒரு பழைய வீடு அவர்களுக்கென்று அமைந்தது. முன்னறை, சமையலறை, பின்னால் ஓர் அறை. அவ்வளவுதான்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் வேலைகளில் மிஞ்சிய டப்பாக்களையெல்லாம் கொண்டுவந்து இறக்கினார். முன்னறைக்கு மங்கிய மஞ்சள், சமையலறைக்குக் கிளிப்பச்சை, ஜன்னல் சட்டத்துக்கு நீலம்.

"ஏங்க, இது வீடா, இல்ல கடைக்காரன் காட்டுற கலர் அட்டையா?"

"நீ ஸ்டூலைப் பாரு. சுவரை நான் பாத்துக்கறேன்."

பின்னறையில் மட்டும் ஒரு கட்டில் கிடந்தது. கனத்த மரம், நாலு கால்களும் யானைக்கால். அறைக்குள்ளேயே வைத்து இணைத்திருக்கிறார்கள், வாசல் வழியாக வெளியே வராது. வீட்டை விற்றவன், "அது எதுக்குங்க எங்களுக்கு? ஒடைச்சுப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பெட்டியக்காவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. காய்ந்து முதிர்ந்த மரம், காசு கொடுத்தாலும் கிடைக்காது. தலைமாட்டுப் பலகை உட்காரும் பலகைகளாகும். பக்கச் சட்டங்களைக் கிழித்தால் கால்களாகும்.

கட்டிலைப் பிரித்த அன்று, பக்கச் சட்டத்தின் உள்பக்கத்தில் அவள் கை ஒரு பள்ளத்தில் விழுந்தது. கட்டைவிரல் அகலம். உளி பட்ட குழி அல்ல; ஓரமெல்லாம் மழமழவென்று தேய்ந்து, கூழாங்கல் போலிருந்தது. படுத்தவர் கை இயல்பாக வந்து விழுகிற இடம் அது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் பெயின்டர்.

"எலி கடிச்சிட்டு உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டா போகும்?"

யாரோ நெடுங்காலம் அங்கே படுத்து, அந்த ஓரிடத்தையே தடவிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். பாதி பிரித்த கட்டிலை என்ன செய்வது? மீதியையும் பிரித்தாள். ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் இழைப்புளி வைக்க மனம் வரவில்லை. அந்தத் துண்டை இன்னொரு துண்டோடு ஒட்டி, பள்ளம் ஓரத்தில் வருகிற மாதிரி ஒரு ஸ்டூலின் மேற்பலகையாக்கினாள்.

இதற்கிடையில் பெயின்டருக்குப் பின்னறைச் சுவரோடு மல்லுக்கட்டு. கட்டில் கிடந்த இடத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு தலையளவுக்கு எண்ணெய்க் கறை. வெள்ளை அடித்தார். காய்ந்ததும் கறை எட்டிப் பார்த்தது. சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி அடித்தார். மறுநாள் காலை அது பழுப்பாக, பொறுமையாக, அதே இடத்தில் வந்து நின்றது. முப்பது வருஷத் தொழில்காரருக்கு இது மானப்பிரச்சினை ஆகிவிட்டது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து ஸ்டூல் செய்கிற பெட்டியக்காவுக்கு அது வேறு. பட்டப்பகலில் கூட, முதுகுக்குப் பின்னால் ஒரு தலை சாய்ந்துகொண்டு தன் வேலையைப் பார்ப்பதாகத் தோன்றும். சுத்தியலை நிறுத்தினால் அதுவும் மூச்சைப் பிடித்துக்கொள்வது போலிருக்கும். வேலைப்பலகையைத் திருப்பிப் போட்டு, கறையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அது அதைவிட மோசம். பழையபடியே திருப்பிக்கொண்டாள்.

ஸ்டூல்கள் என்னவோ சூடாக விற்றன. ஒன்றைத் தையல்காரர் வாங்கினார். ஒன்று சலூனுக்குப் போனது. ஒன்றை, மேலத்தெருவில் சின்னப் பெண்ணோடு இருக்கும் நர்ஸம்மா எடுத்துக்கொண்டாள். ஒன்றை, தெருவோடு போன யாரோ ஒருவர் பார்த்து, பிடித்துப்போய், தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒருநாள் காலை, வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. ஜன்னல் சட்டத்து நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா வேணும்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியக்கா வெளியே வந்தாள்.

"நான் இந்த வீட்ல இருந்தவங்க. வெளியூர்ல ஒரு வயசானவங்களைப் பாத்துக்கற வேலைக்குப் போயிருந்தேன். தம்பி வீட்டை வித்துட்டான்." மூச்சு விட்டுக்கொண்டாள். "வீடு போனது போகட்டும். பின்னாடி ரூம்ல ஒரு கட்டில் இருந்துச்சே... எம்புள்ளை படுத்திருந்தது. நாலு வயசுல காய்ச்சல் வந்து கால் விழுந்துபோச்சு. பத்தொன்பது வயசு வரைக்கும் அதுலதான் இருந்தான். அதுலதான் போனான். எனக்குன்னு ஒரு ரூம் பாத்துட்டு, பிரிச்சு எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

பெட்டியக்கா வாய் திறந்தாள். அதற்குள் பின்னால் வந்து நின்ற பெயின்டர் முந்திக்கொண்டார்.

"நாங்க வரும்போது கட்டில் எதுவும் இல்லைங்களே."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளும் பார்த்தாள். அங்கே, வார்னிஷ் காய்வதற்காகக் கடைசி ஸ்டூல் நின்றுகொண்டிருந்தது. "அப்படிங்களா" என்றாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தம்பி வீட்டில்தான் இருப்பதாகவும், எங்கேயாவது கேள்விப்பட்டால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தாள்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன? உம்புள்ளை கட்டிலை வெட்டி வித்துட்டோம்னு சொல்லச் சொல்றியா? அது நெஞ்சு வெடிச்சுப் போயிருக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் இருந்து என்ன? சாப்பாடு இறங்கவில்லை. உளியை எடுத்தால் கை ஓடவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அந்தச் சுவரில் தலை சாய்த்து, கட்டைவிரலால் மரத்தைத் தேய்த்துத் தேய்த்து, வாசலில் ஓடுகிற பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் அவன் கட்டிலை அறுத்திருக்கிறாள். இப்போது அவன் அம்மாவிடம் கட்டிலே இல்லை என்றும் சொல்லியாயிற்று. இரண்டு நாள் மென்று முழுங்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் புருஷனிடம்கூடச் சொல்லாமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

தம்பி வீட்டு மாடிப்படிக்கு அடியில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். பெட்டியக்கா எதையும் பூசி மெழுகவில்லை. கட்டில் இருந்தது, நான்தான் பிரித்தேன், நான்தான் அறுத்தேன், ஸ்டூலாக விற்றுவிட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றாள்.

அந்த அம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவி முடித்தாள். கவிழ்த்து வைத்தாள். "தெரியும்" என்றாள். "உங்க வீட்டுக்காரர் பின்னாடி ஒண்ணு இருந்துச்சே. பதினஞ்சு வருஷம் துடைச்ச மரம். எனக்குத் தெரியாதா?"

பெட்டியக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரார் வீட்டுக்குப் போச்சு?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "காட்டுவீங்களா?"

இருவருமாகக் கிளம்பினார்கள். முதலில் தையல் கடை. விஷயத்தைக் கேட்டதும் தையல்காரர் பதறி எழுந்துவிட்டார். அந்த அம்மாள் ஸ்டூலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், பள்ளத்தில் விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"யோசனை வந்தா இதைத் தடவிக்கிட்டே இருப்பான். என்னடா யோசிக்கிறேன்னு கேட்டா, ஒண்ணும் இல்லம்பான்."

"நானும்தாம்மா" என்றார் தையல்காரர், ஏதோ தப்புச் செய்தவர் போல. "துணி வெட்டுறதுக்கு முன்னாடி கை தானா அங்க போயிடுது. எடுத்துட்டுப் போங்கம்மா, நான் வேற வாங்கிக்கறேன்."

"வேண்டாங்க. நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தையல்காரர் உட்காரவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சலூனில் கூட்டம். காத்திருந்த கிழவர் ஒருவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அந்த அம்மாள் சைகை காட்டினாள்.

நர்ஸம்மா வீட்டுக்குப் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கை கழுவுகிற தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றிருந்தாள் அந்த வீட்டுச் சின்னப் பெண். நாலு வயதிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துப் பல்லைக் காட்டினாள். குதிகாலைத் தூக்கி எம்பினாள். பிறகு தொப்பென்று தரையில் குதித்தாள். உடனே திரும்பவும் ஏறினாள்.

அந்த அம்மாள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற பெட்டியக்காவுக்குத்தான் அது கேட்டது. "நிக்கிறா பாருங்க. அது மேல நிக்கிறா."

நர்ஸம்மா ஓடி வந்து, சேதி தெரிந்ததும், பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலை எடுத்து நீட்டினாள். பிள்ளை, "என்னோடது!" என்று கத்தி ஊரைக் கூட்டியது.

"இறக்கி விடுங்கம்மா" என்றாள் அந்த அம்மாள். "ஏறட்டும்." அதற்கு மேல் அங்கே நிற்க அவளால் முடியவில்லை. தெருவுக்கு வந்ததும் சுவரில் கை வைத்து அழுதாள். சத்தமே இல்லாத அழுகை. பெட்டியக்கா அவள் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மாள் தன் பழைய வீட்டுக்குள் வந்தாள். பெயின்டர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பின்னறையில் அவள் கறையின் முன்னால் உட்கார்ந்தாள். நெற்றியைச் சற்று நேரம் அதன் மேல் வைத்துக்கொண்டாள். பெயின்டர் அன்றைக்கே வெள்ளை பெயின்ட் டப்பாவை மூடிவிட்டார். அந்தச் சுவர் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. பார்க்கிற தொழில்காரர்கள் கேலி பேசினாலும் அவர் அதைத் தொடுவதில்லை.

அந்த அம்மாளுக்கு ஒரு ரூம் கிடைத்தபோது, பெயின்டரும் பெட்டியக்காவும் போய் நிறமடித்துக் கொடுத்தார்கள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, "அழுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு" என்றாள். அவருக்கு விளங்கவில்லை, பெட்டியக்காவுக்கு விளங்கியது. கடைசி ஸ்டூலைப் பெட்டியக்கா அவளுக்கென்று எடுத்துப் போனாள். அதை அந்த அம்மாள் ஜன்னலோரம் போட்டாள். இன்றுவரை அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் பெட்டியக்காவிடம் யாராவது பழைய மரம் கொண்டுவந்தால், "இது யாரு படுத்தது, யாரு உக்காந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறாள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் மரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒரு ஸ்டூலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் யார், எந்த ஊர் என்று இன்னும் தெரியவில்லை. போன மாதம் முழங்காலைக் காட்டப் பெட்டியக்காவும் அந்த அம்மாளும் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். வரிசையில் ஒரு மர ஸ்டூல் காலியாகக் கிடந்தது. பெட்டியக்கா உட்காரப் போனாள். அந்த அம்மாள் அவளைத் தடுத்து, ஸ்டூலைத் தூக்கி, கவிழ்த்து, அடிப்பக்கத்து மரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டார் வாசலில் நின்ற காவல்காரர்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அவள், ஸ்டூலை நிமிர்த்தி வைத்தபடி. "தாங்குமான்னு பாத்தேன்."