படங்களில் இல்லாத மனைவி

கல்யாணமான சில வாரங்களிலேயே என் கணவர் துபாய்க்குப் போனார். கட்டுமானக் கம்பெனியில் கணக்கு வேலை. ஒப்பந்தம் முடிந்து எங்கள் ஊரான குத்தாலத்துக்குத் திரும்பியவர் அன்பாகத்தான் இருந்தார். ஆனால் படுக்கையில் அவர் வேறு யாரோ ஒருத்தியை எதிர்பார்ப்பது எனக்குப் புரிந்தது. நான் ஆசையாகக் கை நீட்டினால் மிரண்டு விலகுவார்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய் வந்து, மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஏன் விலகுகிறார் என்று நேராகவே கேட்டேன்.

சுற்றி வளைத்துத்தான் சொன்னார். கம்பெனி அறையில் எல்லார் கையிலும் போன், போனில் அந்த மாதிரிப் படங்கள். அவற்றில் ஆட்களை நாட்டுவாரியாக, நிறவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்களாம். வெள்ளைக்காரி எதற்கும் தயார். சீனத்துப் பெண் சொன்னபடி கேட்பாள். நம் ஊர்ப் பெண் முதலில் மறுப்பாள், பிறகு அடங்குவாள். கறுப்பின ஆண் என்றால் வெறும் உடம்பு, மனசே கிடையாது.

அதே அறையில் கென்யாக்காரர் ஒருவரும் தங்கியிருந்திருக்கிறார். அந்தப் படங்களைச் சொல்லி மற்றவர்கள் அவரைச் சீண்டுவார்களாம். அவரோ தினமும் மனைவியிடம் போனில் பேசுவதற்கு முன்பு சட்டை மாற்றி, தலை சீவிக்கொள்வாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்த என் கணவர், பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அவரையே தப்பாக் காட்டுன படம் என்னை மட்டும் சரியாக் காட்டியிருக்குமா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, "குடும்பத்துப் பொண்ணு தானா வரமாட்டான்னு நெனச்சேன். அதுவும் போக, அந்தப் படத்துல வர்ற ஆம்பளைங்க மாதிரி நான் இல்லையேன்னு பயம்" என்றார்.

"புடிச்சதனாலதான் வந்தேங்க. புடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லுவேன். ரெண்டையும் நம்புங்க."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் அந்தப் படங்களை அடியோடு விட்டாரா என்று நான் உளவு பார்க்கவில்லை. ஆனால் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். முதலில் பரீட்சைக் கேள்வி போல விறைப்பாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். இரண்டு பேருக்குமே தெரியாதது நிறைய இருந்தது. அந்த வருஷத்துக் குறுவை நெல் அறுவடைக்கு வருவதற்குள் அவருடைய பயம் போயிருந்தது.