சித்தியின் மூன்றாவது கியர்

"டீச்சர், நீங்க சொன்னபடிதான் போட்டேன்" என்றுதான் அந்த நர்ஸ் பேச்சை ஆரம்பித்தார்.

சித்தி வாசலில் நின்று காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவளிடம் கார் ஓட்டப் படித்தவர். உரிமம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"யாரு கார்ல?" என்று கேட்டாள் சித்தி.

"அண்ணன் கார்ல. புதுசு. ஆஸ்பத்திரி மேட்டுல ஏறிட்டிருந்தேன். ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாத்தணும். நீங்க சொல்வீங்களே, தொடைப் பக்கம் இழு, டக்குன்னு கேக்கும், அப்புறம் மேல தள்ளுன்னு. இழுத்தேன். டக்குன்னு கேக்கல. அதனால இன்னும் இழுத்தேன்."

"சரி."

"மேல தள்ளினேன். அஞ்சுல போய் விழுந்துடுச்சு. வண்டி குலுங்கி அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி தண்ணி லாரி."

துணியை உதறாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அடி பட்டுச்சா?" என்றாள் சித்தி.

"இல்ல. லாரிக்காரர் பிரேக் போட்டுட்டார். அவர் திட்டினதுல பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே தெரியல."

சித்தி சிரிக்கவில்லை. "அப்புறம்?"

"ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அதே மாதிரி. அண்ணன் பக்கத்துல இருந்தான். 'என்ன இது, கதவு தாழ்ப்பாளைப் பிடுங்கற மாதிரி பிடுங்கற? உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

நர்ஸ் தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "உங்க பேரைச் சொல்லல டீச்சர்" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சித்தியின் முகம்தான் சுண்டிப்போயிற்று. இருபது வருடம் ஓட்டுநர் இருக்கையிலும் அதன் பக்கத்து இருக்கையிலுமாக உட்கார்ந்து அவள் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

முதல் பதினொரு வருடம் சித்தி ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டினாள். விடியும் முன்னே நாற்பது கடைகளுக்குச் சரக்கு இறக்க வேண்டும். தாமதமாக வந்தாள் என்று ஒரு கடைக்காரர்கூடச் சொன்னதில்லை. பிறகு மூன்று கை மாறிய ஒரு காரை வாங்கி, பக்கத்து இருக்கையின் அடியில் இரண்டாவது பிரேக் வைத்து, கூரையில் பலகை மாட்டி, ஓட்டுநர் பள்ளி தொடங்கினாள். பள்ளிக்கு ஒரே கார், ஒரே ஆசிரியை. முதல் மாணவர் சித்தப்பா. மூன்று தேர்வில் தோற்றுவிட்டு, "எனக்குப் பின்சீட்டுதான் ராசி" என்று கௌரவமாக ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள் எல்லோரும் தேறினார்கள். பயந்தவர்கள், வயதானவர்கள், வேறு பள்ளிகளில் விரட்டப்பட்டவர்கள் எல்லோரும் அவளைத் தேடித்தான் வந்தார்கள்.

அந்தக் காரின் கியர் தண்டு இரண்டு வருடமாக ஆட்டம் கண்டிருந்தது. நியூட்ரலில் விட்டால் ஓட்டுபவரின் தொடைப் பக்கம் சாய்ந்து நிற்கும். வண்டி ஓடும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் கடகடவென்று ஒரு சத்தம். "நம்ம வண்டிக்கு ஹாரனே தேவையில்ல" என்பார் சித்தப்பா. சித்தி அந்த ஆட்டத்துக்குத் தன் கையைப் பழக்கிக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பழகிய வித்தையைப் பாடமாகவும் ஆக்கிவிட்டாள். தொடைப் பக்கம் இழு, டக், மேலே தள்ளு. அவளிடம் படித்தவர்கள் வாய்ப்பாடு மாதிரி அதை ஒப்பிப்பார்கள். அதே காரில்தான் தேர்வுக்கும் போவார்கள், தேறுவார்கள். வேறு காரில் ஏறிய பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொன்னதில்லை. நர்ஸ்தான் முதலில் வந்தவர்.

சித்தி துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போனாள். நானும் கூடப் போனேன். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் "பயப்படாதீங்க" என்பதால் அந்த மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர்.

"பயப்படாதீங்கக்கா" என்றார் டாக்டர். "இருபது வருஷத்து வண்டி. நமக்கே மூட்டு தேஞ்சிருக்கு, அதுக்குத் தேயாதா? கை பழகிக்கும்."

"கை பழகினதுதான்பா தப்பு" என்றாள் சித்தி. "கியர் தண்டு மூட்டுல இருக்கற புஷ் மாத்தணும்."

"பத்து நாள் கழிச்சு விடுங்க, பாக்கறேன்."

"எங்கிட்ட படிக்கற தையல்காரருக்கு வெள்ளிக்கிழமை டெஸ்ட். அவரையும் இப்படியே அனுப்பச் சொல்றியா?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். புஷ்களை வரவழைத்துத் தருவதாகவும், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியைக் காலையில் பட்டறை திறக்கும் வரை சித்தியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். "எதையாவது கழட்டிட்டு மாட்டத் தெரியாம முழிச்சா என்னைக் கூப்பிடாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

திங்கள்கிழமை புஷ்கள் வந்தன. கோட்டுப் பொத்தான் அளவில் இரண்டு, கிண்ணம் போல ஒன்று, எல்லாமே பிளாஸ்டிக். செவ்வாய் காலை ஆறரை மணிக்குக் காரைக் குழியின் மேல் நிறுத்தினோம். வண்டியோடு வந்த பழைய பழுதுபார்ப்புக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. நான் கதவோரம் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தி வேலை செய்தாள்.

கியர் தண்டின் குமிழைத் திருகி எடுத்தாள். தோலுறையைப் பிரித்தாள். நடுப்பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றி என் மடியில் போட்டாள். தண்டின் அடியில் உருண்டை ஒன்று இருந்தது. அது உட்காரவேண்டிய கிண்ணம் பாதி தேய்ந்து மஞ்சள் தூளாகக் கிடந்தது. பிறகு குழிக்குள் இறங்கினாள்.

"ஐயோ, இதைப் பாருடி" என்று கீழிருந்து சத்தம் வந்தது.

தண்டையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கம்பியின் மூட்டில் புஷ்ஷே இல்லை. அதற்குப் பதிலாக யாரோ சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். சித்தி அதை ஒரு விரலால் நெம்பி எடுத்து என்னிடம் நீட்டினாள். "இவ்வளவு நாளா நான் பாடம் நடத்தினது இதை வச்சுத்தான்."

புது புஷ்களுக்குக் கிரீஸ் தடவி மாட்டினாள். கடைசி வேலை, கம்பியின் கவ்வியை இறுக்குவது. கியர் பெட்டி நியூட்ரலில் இருக்கவேண்டும், தண்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இறுக்கவேண்டும் என்று நான் படித்தேன். சித்தி மேலே வந்து, தண்டைத் தானே நிறுத்தி, அது அசையாமல் இருக்க ஒரு துணியைத் திணித்துவிட்டுக் கீழே போய் இறுக்கினாள்.

பிறகு நடுப்பெட்டியையும் குமிழையும் மாட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள். சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. தண்டில் துளி ஆட்டமில்லை. ஒன்று விழுந்தது, இரண்டு, மூன்று, நான்கு விழுந்தன. ஐந்து விழவில்லை. தண்டு நடுப்பெட்டியின் விளிம்பில் இடித்து நின்றது.

"புஷ் தப்பா வந்துடுச்சோ?" என்றாள். மணி ஏழரை.

நான் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். "சித்தி, தண்டு நேரா நின்னுதா?"

"நேராத்தானே நிறுத்தினேன்."

"கொஞ்சம் சாஞ்சிருக்கற மாதிரி இருக்கு."

"இருபது வருஷமா கியர் போடறேன். நேரா எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பட்டறை மேசையில் கிடந்த நூலில் ஒரு நட்டைக் கட்டி, காருக்குள் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியிலிருந்து தண்டின் முன்னால் தொங்கவிட்டேன். நட்டு ஆடி நின்றது. நூலுக்கும் குமிழின் நடுவுக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. தண்டு தொடைப் பக்கம் சாய்ந்திருந்தது. புஷ் தேய்ந்திருந்தபோது எங்கே சாய்ந்து கிடந்ததோ, அச்சு அசலாக அதே இடத்தில்தான் சித்தியின் கை அதை நிறுத்தியிருந்தது.

சித்தி நூலைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடப்பாவி, இது கூசாம பொய் சொல்லுது" என்றாள். "நீ பிடி. நூலைப் பாத்துப் பிடி. நான் சொன்னாலும் கேக்காத."

நான் பிடித்தேன். அவள் கவ்வியைத் தளர்த்தி, மறுபடி இறுக்கினாள். ஐந்தாவது கியர் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ரிவர்ஸும் விழுந்தது. எட்டு மணிக்குப் பட்டறையைத் திறக்க வந்த டாக்டர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். "பயப்படாதீங்க"வைக்கூட மறந்துவிட்டு, "யாரு பண்ணினது?" என்றார்.

"நான்தான்" என்றாள் சித்தி. அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தை எனக்கு எழுதிக்காட்டத் தெரியவில்லை.

ஆனால் அன்று மாலை தையல்காரர் மூன்று முறை ஐந்தில் போட்டார். சித்தியே வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு முறை போட்டாள்.

"டீச்சர், வண்டி கெட்டுப்போச்சு. பழைய மாதிரியே ஆக்கிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்குமாவது" என்றார் தையல்காரர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நெற்றியெல்லாம் வியர்வை.

"வண்டி சரியாயிடுச்சு. நம்ம ரெண்டு பேரும்தான் கெட்டுப்போயிருக்கோம்" என்றாள் சித்தி. "ஊசியில நூல் கோக்கறப்ப முஷ்டியை மடக்கிட்டா கோப்பீங்க? கையைத் திறங்க. ரெண்டுலேர்ந்து வெளிய எடுத்துட்டு விடுங்க. அதுவே நடுவுல வந்து நிக்கும். அப்புறம் உள்ளங்கையால நேரா மேல. இழுக்கவே கூடாது."

"இழுக்காம எப்படி டீச்சர்?"

"எனக்கும் அதேதான் கை அரிக்குது. வாங்க, சேந்தே பழகலாம்."

புதன், வியாழன் இரண்டு நாளும் காலையும் மாலையும் ஓட்டினார்கள். தையல்காரர் கொஞ்ச தூரம் ஓட்டுவார், பிறகு சித்தி ஓட்டுவாள். அவள் இழுத்தால் தையல்காரர் "டீச்சர், கை!" என்று அதட்டுவார். பின்சீட்டிலிருந்து சித்தப்பா, "இதுக்குத்தான் நான் கத்துக்கவே இல்ல" என்பார்.

வெள்ளிக்கிழமை தேர்வு மேட்டில் தையல்காரர் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் ஏறிப்போனது. அதிகாரி தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். சித்தி என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் எனக்கு வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அவள் மாணவர் பதிவேட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்தாள். கடைசி இரண்டு வருடத்துப் பெயர்கள் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

"இவங்க அத்தனை பேருக்கும் கடிதம் போடணும்" என்றாள். "ஆளுக்கு ஒரு மணி நேரம் இலவசமா மறுபடி சொல்லித்தரேன்."

சித்தப்பா பதறிவிட்டார். "ஊரைக் கூட்டி, நான் தப்புன்னு நீயே சொல்லிக்கணுமா? அப்புறம் யாரு வருவா உங்கிட்ட?"

"வராட்டிப் போகட்டும். அவங்க யாராவது மேட்டுல நின்னா, பின்னாடி வர்ற லாரிக்காரன் எல்லாரும் பிரேக் போடுவானா?"

சித்தி பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதுல பாதிப் பேரு இங்கிலீஷ் மீடியம், தமிழ் படிக்க வராது. அதனால தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் எழுது. முதல் வரியிலயே, நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்னு போட்டுடு. வண்டி பழசு, புஷ் தேஞ்சிருந்ததுன்னு சாக்குச் சொல்லாத. நீ இங்கிலீஷ்ல எழுதினா எல்லாத்தையும் பூசி மெழுகி அழகாக்கிடுவ. அது மட்டும் வேணாம்மா. ரெண்டு மொழியிலயும் அந்த முதல் வரி ஒண்ணுபோல இருக்கணும். எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு."