பார்வதி என்று கூப்பிடு

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுகிற ஆள் நான். மதுரை தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவள், கையெழுத்தில்லாத காகிதத்தைக்கூட நம்ப மாட்டேன். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிற பெரிய பங்களாவைப் போன வருடம் நான்தான் வாங்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி வியாபாரத்தில் கொழித்த ஒருவர், பர்மாத் தேக்கு இறக்கிக் கட்டிய வீடு. அவருக்குப் பிறகு அவர் மகன் இருந்தார், ஊரில் பாதி நிலம் அவருடையதுதான். மகனுடைய பிள்ளைகள் சென்னை, அமெரிக்கா என்று போய்விட, வீடு பூட்டியே கிடந்து வௌவால் அடைந்து, கடைசியில் விலைக்கு வந்தது. அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர் என் அப்பா. அந்த வீட்டில் நெல் குத்திப் பாத்திரம் துலக்கியவள் என் ஆத்தா. இருபது வருடம் வேலை செய்தும் கொல்லையைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை, எங்கள் ஆட்களுக்கு முன்வாசல் கிடையாது.

அதைவிட வயிறெரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. என் ஆத்தாவின் பெயர் பார்வதி. அந்த மகனின் மனைவி, அதாவது அந்த வீட்டு எஜமானியம்மாவின் பெயரும் பார்வதி. வேலைக்காரிக்கும் அதே பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று, வேலைக்குப் போன முதல் நாளே அந்தம்மா இவளுக்குக் காத்தாயி என்று பெயர் வைத்துவிட்டது. அப்புறம் ஊரே காத்தாயி என்றது, ரேஷன் கார்டிலும் காத்தாயி, ஆத்தா செத்தபோது இறப்புச் சான்றிதழிலும் காத்தாயி. அந்த வீட்டுக்குள் அவளை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் நான் வாங்க அலைந்தேன். பத்திரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சரி, ஆள் இல்லாவிட்டால் என்ன, பெயராவது முன்வாசலில் ஏறட்டும் என்று 'பார்வதி இல்லம்' என்று கருங்கல்லில் வெட்டச் சொன்னேன்.

கல் வந்து இறங்கியதும் டீக்கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"பழைய எஜமானியம்மா பேரையே வச்சுட்டீகளே, எம்புட்டுப் பெரிய மனசு ஒங்களுக்கு!"

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "அது எங்காத்தா பேருய்யா!" என்று கத்தினேன். அவர் விழித்தார். "ஒங்காத்தா பேரு காத்தாயில்ல?" என்றார்.

கல் பதிக்க சமயநல்லூரிலிருந்து மாரிமுத்து என்று ஒருவர் வந்தார். எங்கள் ஊர்க் கதை எதுவும் அவருக்குத் தெரியாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாசலில் நிற்கிறேன், அவர் சுவரில் கலவை பூசிக்கொண்டிருந்தார், திடீரென்று கையை நிறுத்தினார்.

"அக்கா, உள்ள இருந்து காத்தாயி காத்தாயின்னு யாரோ கூப்புடுறாக."

எனக்கும் கேட்டது. கூடத்துக்குள்ளிருந்து, கடைசி எழுத்தை இழுத்து இழுத்து, "காத்தாயீ..." சின்ன வயதில் ஆத்தாவோடு கொல்லையில் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்ட குரல், எஜமானியம்மா குரல், அந்தம்மா செத்துப் பதினைந்து வருடம் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் பயம் வரவில்லை. "வாரேம்மா" என்று சொல்ல என் நாக்கு எழுந்துவிட்டது, கால் தானாகக் கொல்லைப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த வெட்கக்கேட்டில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

"அந்தப் பேர்ல இங்க ஒருத்தியும் இல்ல!" என்று வீடு அதிரக் கத்தினேன். "அவ பேரு பார்வதி. கூப்புடணும்னா பேரச் சொல்லிக் கூப்புடு!"

"யாருகூடக்கா சண்ட போடுறீக?" என்றார் மாரிமுத்து, முகமெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு.

பிறகு அதே குரல், இந்தத் தடவை இழுக்காமல், தெரியாத ஒருத்தியின் பெயரைப் படிப்பதைப்போல, "பார்வதி" என்றது.

உடனே கொல்லைப் பக்கமிருந்து பதில் வந்தது. "என்ன?"

என் ஆத்தாவின் குரல். வெற்றிலை போட்டுக் கம்மிய அந்தத் தொண்டை உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுக்கு அவள் 'வாரேம்மா' தவிர வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு பேரும் ஓடிப் பார்த்தோம். கூடத்துத் தரையில் சிமெண்ட் தூசி படிந்தது படிந்தபடியே இருந்தது, ஒரு காலடி இல்லை. கொல்லையில் காக்காகூட இல்லை. மாரிமுத்து நாளைக்கு வாரேன் என்று பையை எடுத்தார். "கல்லப் பதிச்சுட்டுப் போங்கண்ணே" என்று நான் வழியை மறித்து நின்றுவிட்டேன். உள்ளே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவசரமாகப் பதித்தார், இப்போதும் அந்தக் கல் லேசாகச் சாய்ந்துதான் இருக்கிறது, அதை நான் நேராக்கவும் மாட்டேன்.

என் மகன் மதுரையிலிருந்து வந்து, "காலி வீடும்மா, எக்கோ அடிச்சிருக்கும்" என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எக்கோ 'என்ன?' என்று பதில் சொல்லுமாடா என்று கேட்டேன். பூசை போடு, தாயத்துக் கட்டு என்று சொந்தக்காரர்கள் வந்தார்கள், அத்தனை பேரையும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் ஏன் பயப்பட வேண்டும், என் வீடு.

எஜமானியம்மா குரல் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் சில நாள் உச்சி வேளையில் ஆத்தாவின் "என்ன?" மட்டும் கேட்கிறது. கேட்டதும் முன்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, "ஆத்தா, சுத்தி முன்னால வா, இது நம்ம வீடுதான்" என்று கூப்பிடுகிறேன். அரைமணி நேரம் அங்கேயே நிற்பேன். அடுத்த தடவையும் குரல் கொல்லையிலிருந்துதான் வருகிறது.